அஹோபிலம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஆந்திராவின் மலைக்காட்டில் ஒன்பது நரசிம்மர் சன்னிதிகள் இருக்கிற தலம் அஹோபிலம். அங்கே மேல் அஹோபிலம் கோயில் வாசலில் காலை பதினொன்றரை மணிக்கு நின்று பார்த்தால் இந்தக் காட்சி தப்பாது. தமிழ்நாட்டு நம்பர் போட்ட வேன் ஒன்று வந்து நிற்கும். இராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்த களைப்போடு பதினைந்து இருபது பேர் இறங்குவார்கள். அவர்களில் ஒருவர் நேரே டோலிக்காரரிடம் போய், "ஒன்பதையும் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்ல?" என்பார். டோலிக்காரர் பக்கத்தில் இருப்பவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு நான் சேவித்தது நான்கு பேரை. அதிலும் ஒருவரைக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுதான் சேவிக்க முடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அர்ச்சகர் பூட்டிவிட்டு எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு மூன்று தடவை போயிருக்கிறேன். அஹோபிலத்தில் சன்னிதி எண்ணிக்கையை வைத்துத் திட்டம் போடக் கூடாது. வெயிலையும் முழங்காலையும் அர்ச்சகர் மலையேறும் நேரத்தையும் வைத்துப் போட வேண்டும் என்பது எனக்கு இரண்டாம் தடவைதான் புரிந்தது.

திருமங்கையாழ்வார் இதை அப்போதே சொல்லிவிட்டார். சிங்கவேள்குன்றம் என்று அவர் பாடிய தலம் இதுதான், 108 திவ்யதேசங்களில் ஒன்று. "தெய்வமல்லால் செல்லவொண்ணா" இடம் என்கிறார். நாயும் கழுகும் உச்சி வெயிலும் வில்லேந்திய வேடர்களும் அந்தப் பத்துப் பாட்டில் வருகிறார்கள். இன்றைக்குத் தார்ச்சாலை, படிக்கட்டு, இரும்புப் பாலம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் உச்சி வெயில் மட்டும் பாட்டில் இருக்கிறபடியே இருக்கிறது.

இடத்தின் அமைப்பு

ஆந்திராவில் நந்தியால் மாவட்டம். 2022 வரைக்கும் கர்னூல் மாவட்டமாக இருந்தது, அதனால் பழைய குறிப்புகளில் கர்னூல் என்றே பார்ப்பீர்கள். மலைத்தொடருக்கு நல்லமலை என்று பெயர். நம் காதில் நல்ல மலை என்று விழும். தெலுங்கில் 'நல்ல' என்றால் கருப்பு. திருப்பதியிலிருந்து ஸ்ரீசைலம் வரை நீளும் மலைகளை ஆதிசேஷன் என்று சொல்வார்கள். தலை திருமலை, வால் ஸ்ரீசைலம், நடு உடம்பு அஹோபிலம்.

பெயரிலேயே குகை இருக்கிறது. பிலம் என்றால் குகை. 'அஹோ பிலம்' என்றால் ஆகா, என்ன குகை! 'அஹோ பலம்' என்று பிரித்து, என்ன பலம் என்று தேவர்கள் வியந்ததாகவும் சொல்வதுண்டு. ஊர்க்காரர்கள் வாயில் இரண்டும் வரும். மலை முழுக்க அடுக்கடுக்கான குவார்ட்சைட் பாறை. புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல இருக்கும். கீழடுக்கு உடைந்து விழுந்த இடத்தில் மேலடுக்கு கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். சன்னிதிகள் பலவும் அப்படிப்பட்ட கூரைகளுக்கு அடியில்தான் இருக்கின்றன. ஆகவே மின்விளக்கு போட்ட பெரிய சுரங்கக் குகைகளை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பாறை நிழலும், எண்ணெய் விளக்கும், வௌவால் வாடையும்தான்.

ஊர் இரண்டு. கீழ் அஹோபிலம், மேல் அஹோபிலம். பஸ்ஸில், ஆட்டோவில் ஏறும்போது 'திகுவ' என்றால் கீழ், 'எகுவ' என்றால் மேல். இரண்டுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர் சாலை. தங்குவதும் சாப்பிடுவதும் கீழே. நடை தொடங்குவது மேலே.

ஒன்பது நரசிம்மர்களை நான் மூன்று கட்டாகப் பிரித்துக்கொள்வேன். மேல் அஹோபிலத்திலிருந்து நடந்தே போக வேண்டியவர்கள் நான்கு பேர்: அஹோபில நரசிம்மர் என்கிற உக்ர நரசிம்மர், வராகர், ஜ்வாலா, மாலோலர். ஆட்டோ போகும் தூரத்தில் யோகானந்தர், சத்ரவடர், காரஞ்சர் என்று மூவர். ஜீப் வேண்டியவர்கள் பார்கவரும் பாவனரும். பிரகலாத வரதர் கோயில் கீழ் அஹோபிலத்தில் இருக்கிறது. ஒன்பதில் சேராது, ஆனால் ஊரின் பெரிய கோயில் அதுதான். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஒன்பதையும் ஒன்பது கிரகங்களோடு சேர்த்துச் சொல்கிற வழக்கம் இருப்பதால்தான் பலர் ஒன்றைக்கூட விடக் கூடாது என்று ஓடுகிறார்கள். சனிக்கு யோகானந்தர், ராகுவுக்கு வராகர், கேதுவுக்கு சத்ரவடர் என்று போகும் அந்தப் பட்டியல். நம்பிக்கை உள்ளவர்கள் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் மேலே உள்ள நால்வர், வழியில் காரஞ்சர், கீழே பிரகலாத வரதர். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம்

கார்த்திகையிலிருந்து மாசிக்குள். ராயலசீமை வெயில் பங்குனியிலேயே பாறையைச் சுட வைத்துவிடும். சித்திரை, வைகாசியில் முதன்முதலாகப் போகிறவர்களை நான் தடுத்துவிடுவேன். மழைக்காலத்தில் காடு பார்க்க அழகுதான். ஆனால் ஜ்வாலாவுக்குப் போகும் வழி பவநாசினி ஆற்றை ஒட்டியே போகிறது. மேலே எங்கோ மழை கொட்டினால் கால் வைத்துத் தாண்டிய ஓடை திரும்பி வரும்போது இடுப்பளவு ஆகியிருக்கலாம். அந்த நாட்களில் வழியையே மூடிவிடுவதும் உண்டு. மழை விட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு போனால் அருவியும் இருக்கும், வழியும் இருக்கும்.

சுவாதி நட்சத்திரம் நரசிம்மருக்கு உகந்தது என்பதால் அன்று கூட்டம் அதிகம். சனி, ஞாயிறும் அப்படியே. தெலுங்குப் பஞ்சாங்கத்தின் பால்குனப் பௌர்ணமியை (நம் கணக்கில் மாசியிலோ பங்குனியிலோ வரும்) ஒட்டி நடக்கும் பிரம்மோற்சவத்தில் அறை கிடைக்காது. நிதானமாகச் சேவிக்க நினைத்தால் செவ்வாய், புதன் மாதிரி ஒரு சாதாரண நாள் பாருங்கள்.

சங்கராந்தியை ஒட்டிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். கனுப்பண்டிகை அன்று பாருவேட்டை உற்சவம் தொடங்கும். உற்சவர் பல்லக்கில் ஏறி, சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் போய் நாற்பது நாட்களுக்கு மேல் கழித்துத்தான் மலைக்குத் திரும்புவார். தன் கல்யாணத்துக்குத் தானே ஊர் ஊராகப் போய் அழைப்பு வைக்கிற பெருமாள். இங்கே தாயார் செஞ்சுலட்சுமி, நல்லமலைக் காட்டின் செஞ்சு வேடர் குலத்துப் பெண். அதனால் செஞ்சு மக்களுக்கு நரசிம்மர் வீட்டு மாப்பிள்ளை. பாருவேட்டையில் அவர்கள் பல்லக்கை நோக்கி அம்பு விடுவதும் அந்த உறவின் உரிமையில்தான். ஆழ்வார் பயத்தோடு சொன்ன வில்லுடை வேடர்கள் இங்கே சம்பந்தி வீட்டார் ஆகிவிட்டார்கள்!

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து மும்பை மார்க்கத்து ரயிலில் கடப்பாவில் இறங்குவது வசதி. அங்கிருந்து நந்தியால், கர்னூல் போகும் பஸ்ஸில் மைதுகூர், சாகலமர்ரி வழியாக ஆள்ளகட்டா. ஆள்ளகட்டாவிலிருந்து அஹோபிலத்துக்கு உள்ளூர் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. முக்கால் மணி நேரம் ஆகும். பெங்களூர்க்காரர்கள் ரயிலில் நந்தியாலுக்கு வந்து, அங்கிருந்து தெற்கே ஆள்ளகட்டா வருகிறார்கள். காரில் வருவதானால் திருப்பதி, கடப்பா வழி. சென்னையிலிருந்து சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து எட்டு ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலிலேயே போய்ச் சேருவது முக்கியம். ஆள்ளகட்டாவிலிருந்து உள்ளே போகிற வண்டிகள் இருட்டிய பிறகு குறைந்துவிடும். பணத்தையும் ஆள்ளகட்டாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். டோலிக்காரருக்கும் ஊன்றிக்கொள்ளக் கம்பு வாடகைக்கு விடும் பையனுக்கும் நோட்டாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் ஃபோனைக் காட்டி என்ன செய்வது?

தங்குவதற்குக் கீழ் அஹோபிலத்தில் அஹோபில மடம் என்கிற வைணவ மடத்தின் சத்திரம், ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி, தனியார் விடுதிகள் சில. முன்பதிவு செய்துவிட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு தடவை ஃபோன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு விடுதியில் எங்கள் பதிவையே காணோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவு பத்து மணிக்கு நாலு பேரும் ஆள்ளகட்டாவுக்குத் திரும்பி வந்து படுத்தோம்.

முதல் நாள் மாலை: கீழே

மதியம் வந்து சேர்ந்தால் கொஞ்சம் படுத்து எழுந்து, நாலு மணிக்கு மேல் ஒரு ஆட்டோ பேசி யோகானந்தரையும் சத்ரவடரையும் சேவித்துவிடலாம். இரண்டும் கீழ் அஹோபிலத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள். யோகானந்தர் பிரகலாதனுக்கு யோகம் சொல்லிக்கொடுத்த கோலம்.

சத்ரவடர்தான் எனக்குப் பிடித்தவர். ஆலமர நிழலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற நரசிம்மர். ஹாஹா, ஹூஹூ என்று இரண்டு கந்தர்வர்கள் பாடினார்களாம். அதைக் கேட்டு ரசித்த கோலம். அர்ச்சகர் தட்டை வலப்பக்கம் சாய்த்துக் காட்டியபோது நான் முதலில் முகத்தைத்தான் பார்த்தேன். "கை பாருங்க, கை" என்றார். தொடையில் வைத்த இடக்கை தாளம் போடுகிற கை. கச்சேரியில் முன் வரிசை மாமாக்கள் உட்கார்ந்திருக்கிற அதே கை. நீங்களும் கையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

திரும்பி வந்து பிரகலாத வரதர் கோயில். விஜயநகரக் காலத்துத் தூண் மண்டபங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. கலிங்கப் போரின்போது கிருஷ்ணதேவராயர் 1515இல் இங்கே வந்து காணிக்கை கொடுத்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலுக்கு வெளியே ஒற்றைக் கல்லில் உயரமாக நிற்பது அவருடைய வெற்றித் தூண் என்று சொல்வார்கள். காட்டில் இருக்கிற மூர்த்திகளின் உற்சவர்களும் பாதுகாப்புக்காக இந்தக் கோயிலில்தான் எழுந்தருளியிருக்கிறார்கள். மலையேற முடியாத பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், அவர்கள் மனம் ஆறும்.

இரவு சாப்பாட்டை சீக்கிரம் முடித்துக்கொண்டு படுத்துவிடுங்கள். மடத்து அன்னதானத்தில் சாப்பிடுவதானால் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள் காலை: நடை

ஆறரை மணிக்கெல்லாம் ஆட்டோவில் ஏறி மேல் அஹோபிலம். மேலே காலையில் டீ கிடைக்கலாம். டிபனை நம்ப வேண்டாம். இட்லியோ பழமோ கீழேயிருந்தே எடுத்துப் போங்கள். எடுத்துப் போவதைக் கைப்பையில் அல்ல, ஜிப் வைத்த முதுகுப்பையில். காரணம் கோதி. தெலுங்கில் குரங்கு. மேல் அஹோபிலக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் கவரின் சத்தம் நூறடிக்கு அப்பாலும் கேட்கும். என் பெரியம்மா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒன்று வாங்கிக்கொண்டு போனது. பிடுங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு சாவகாசம். மதில்மேல் உட்கார்ந்து மூடியைத் திருகித் திறந்தது, இரண்டு மடக்குக் குடித்தது, மிச்சத்தைக் கீழே கவிழ்த்துவிட்டுப் பாட்டிலை எங்கள் பக்கமே எறிந்தது.

கோயில் வாசலில் கம்பு வாடகைக்கு விடுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். "எனக்கு என்ன வயசாயிடுச்சா" என்று கம்பை மறுத்துவிட்டுப் போனவர்களை ஜ்வாலா இறக்கத்தில் பக்கத்தில் வருபவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிற நிலையில் பார்த்திருக்கிறேன். குரங்குக்கும் கம்பு ஒரு பதில்.

கழிப்பறை வசதி கோயிலைச் சுற்றித்தான். அதைத் தாண்டினால் திரும்பி வரும் வரைக்கும் கிடையாது. பெண்களும் சர்க்கரைக்காரர்களும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உக்ர நரசிம்மர். சுயம்பு. கோபுரம், மண்டபம் எல்லாம் கடந்து உள்ளே போகப் போகச் சுவர் பாறையாக மாறிவிடும். கருவறையே குகை. இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிற கோலம். விளக்கின் வெளிச்சத்துக்குக் கண் பழக அரை நிமிடம் வேண்டும். நகரச் சொல்வதற்கு முன் அந்த அரை நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். பக்கத்திலேயே இன்னொரு குகையில் செஞ்சுலட்சுமித் தாயார். சன்னிதியை ஒட்டி மூடிய ஒரு நிலவறை வாசல் உண்டு. அஹோபில மடத்தின் ஆறாம் பட்டத்து ஜீயர் பூஜைக்காக உள்ளே போனவர், இன்னும் உள்ளே ஆராதனை செய்துகொண்டிருக்கிறார் என்பது ஐதீகம். மடத்தைத் தொடங்கியவர் ஆதிவண் சடகோபர். அதன் ஜீயர்களை அழகியசிங்கர் என்று சொல்வது இந்தச் சிங்கத்தை வைத்துத்தான். ஸ்ரீரங்கத்தில் மொட்டையாக நின்ற தெற்கு ராஜகோபுரத்தை 1987இல் கட்டி முடித்தவர் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

எட்டு மணிக்குள் நடையைத் தொடங்கிவிடுங்கள். கோயிலுக்குப் பின்பக்கம் வழி ஆற்றை நோக்கி இறங்கும். அந்த நேரத்தில் கிளம்பினால் ஒரு நன்மை இருக்கிறது: காட்டு சன்னிதி அர்ச்சகர்களும் அப்போதுதான் ஏறுவார்கள். ஒரு கையில் பால் தூக்கு, தோளில் பூவும் துளசியும் வைத்த பை, வெறுங்கால். நாம் மூன்று தடவை உட்கார்ந்து எழுவதற்குள் அவர் வளைவு தாண்டி மறைந்துவிடுவார். அவர்கள் தினம் இப்படி ஏறி, மதியம் தாண்டியதும் பூட்டிவிட்டு இறங்குகிறவர்கள். பதினொன்றரைக்கு வேனில் வந்து இறங்கியவன் ஏன் பூட்டிய கதவைப் பார்த்தான் என்பது இப்போது புரிந்திருக்கும்.

வராகர் ஒரு கிலோமீட்டர் தூரத்தில். ஆற்றோரம் உருண்டைக் கற்கள்மேல் நடை. சன்னிதி பெரிய பாறைக்கு அடியில் சின்னதாக, குனிந்துதான் போக வேண்டும். பூதேவியைத் தூக்கிய வராகரும் நரசிம்மரும் உள்ளே. அர்ச்சகர் விளக்கைக் கையில் எடுத்து, பாதத்திலிருந்து முகம் வரை மெல்ல ஏற்றிக் காட்டுவார். முதலில் தெரிவது கல்லின் ஈரம், பிறகுதான் உருவம். இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நிற்க முடியாத இடம் என்பதால் பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டு வெளியே வந்து பாறைமேல் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆற்றுச் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும்.

இதற்கப்புறம் வழி பிரிகிறது. ஒன்று மாலோலருக்கு, மற்றது ஜ்வாலாவுக்கு. முதலில் ஜ்வாலாவுக்குப் போங்கள். தூரமும் ஏற்றமும் அதில்தான் அதிகம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டால் மாலோலர் எளிது. மேல் கோயிலிலிருந்து ஜ்வாலாவுக்கு நாலு கிலோமீட்டர் என்பார்கள். யாரிடமாவது "எந்த தூரம்?" என்று கேட்டால் "தக்கரே" என்பார்கள், பக்கத்தில்தான் என்று அர்த்தம். முதல் தக்கரேவுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கும். கோபப்படாதீர்கள், அவர்களுக்கு அது தக்கரேதான்.

கடைசிப் படிகள் செங்குத்து. அப்புறம் ஒரு வளைவு. மலையின் இடுப்பைக் குடைந்தாற்போல ஒரு பாதை, தலைக்கு மேலே நீண்டு நிற்கும் பாறை, அதன் விளிம்பிலிருந்து பவநாசினி கொட்டுகிறது. தண்ணீர் உள்ள மாதங்களில் அதன் சாரலைத் தாண்டித்தான் சன்னிதிக்குப் போக வேண்டும். ஃபோனைப் பைக்குள் போடுங்கள். பாறை வழுக்கும், உட்பக்கச் சுவரை ஒட்டியே நடக்கவும். செல்ஃபி எடுக்க விளிம்புக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நரசிம்மரின் கோபம் ஜ்வாலையாக எரிந்த இடம் இதுதான் என்கிறது தலபுராணம். இரணியனைக் கிழித்த இடமும் இதுவே. கை கழுவிய இடம் என்று ரக்தகுண்டம் என்னும் சின்னச் சுனையைக் காட்டுவார்கள். தண்ணீர் செம்மண் நிறமாகத் தெரியும். கையில் அள்ளினால் தெளிந்துவிடும். நான் நாலு தடவையும் அள்ளிப் பார்த்தேன்.

இறங்கி வந்து மாலோலர். மா என்றால் லட்சுமி, லோலன் என்றால் அவள்மேல் பித்தானவன். ஜ்வாலாவில் பார்த்த முகம் இங்கே சாந்தமாகிவிடும்; தாயார் பக்கத்தில் இருக்கிறாள். இந்த மாலோலரின் உற்சவ மூர்த்திதான் ஆதிவண் சடகோபர் கைக்கு வந்தது என்பது மடத்தின் வரலாறு. அந்தப் பெருமாள் இன்றைக்கும் அழகியசிங்கர் போகிற ஊருக்கெல்லாம் கூடவே போகிறார். ஆகவே நம் ஊரில் மாலோலனைச் சேவித்திருப்பவர்களுக்கு இது அவருடைய சொந்த வீடு.

மாலோலர் சன்னிதிக்கு மேலே கொஞ்சம் ஏறினால் பிரகலாதன் பள்ளிக்கூடம். 'பிரகலாத படி' என்று பலகை இருக்கும். தெலுங்கில் 'படி' பள்ளிக்கூடம், நம் படிக்கட்டு அல்ல. ஒரு பாறைக் கூரை, அடியில் பலகைபோலத் தட்டையான கற்கள், மேலே எழுத்துப்போலக் கோடுகள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் இந்த இடத்தை விடாதீர்கள். காற்று நன்றாக வரும். கொண்டுபோன சாப்பாட்டை இங்கே பிரிக்கலாமே என்று தோன்றும். குரங்குகளுக்கும் அதே யோசனைதான் இருக்கும்.

கோயிலுக்குத் திரும்பும்போது மணி ஒன்றோ இரண்டோ ஆகும். மொத்தம் ஐந்தாறு மணி நேரம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறையக் கூடாது. ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், குடிக்க வேண்டாம். கீழே வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தி, மேல் அஹோபிலத்துக்கு ஒரு கிலோமீட்டர் கீழே இருக்கும் காரஞ்சரைச் சேவித்துவிடுங்கள். புங்கமரத்தடி நரசிம்மர், கையில் வில். ஆஞ்சநேயர் "ராமனைத் தவிர யாரையும் கும்பிட மாட்டேன்" என்று அடம்பிடித்தபோது வில்லோடு காட்சி கொடுத்த கோலம் என்பார்கள். நடை திறந்திருக்கிறதா என்று காலையில் ஏறும்போதே கேட்டுவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முடியாதவர்களுக்கு

டோலி உண்டு. மூங்கிலில் நாற்காலி கட்டி நாலு பேர் தூக்குவார்கள். ஜ்வாலா வரைக்குமா, மாலோலரும் சேர்த்தா, திரும்பி வருவதற்கும் சேர்த்தா என்று ஒவ்வொன்றையும் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பாதி வழியில் பேசுவது இரண்டு தரப்புக்கும் சங்கடம். கூட்ட நாளில் எட்டு மணிக்கு மேல் டோலி கிடைப்பது கஷ்டம். முழங்கால் வலிக்காரர்கள் டோலி இல்லாமல் வராகரோடு திரும்பிவிடுவதில் ஒரு குறையும் இல்லை.

செருப்பு விஷயம்: வாரோடு கூடிய, பிடிப்புள்ள செருப்பு போதும். ஷூ என்றால் ஒவ்வொரு சன்னிதியிலும் கயிறு அவிழ்க்க வேண்டும். வேண்டுதலுக்கு வெறுங்காலில் நடப்பவர்கள் பத்து மணிக்குள் ஜ்வாலாவிலிருந்து இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

காட்டில் பேச்சு சத்தம் குறைவாக இருந்தால் நல்லது. இது சிறுத்தையும் கரடியும் திரியும் காடு. நல்லமலையில் புலியும் உண்டு. பகலில், ஆள் நடமாடும் வழியில், கூட்டமாகப் போகிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. பாதையை விட்டு விலகாதீர்கள், பொழுது சாய்ந்த பிறகு யாரும் உள்ளே இருக்க வேண்டாம். மேல் கோயிலைத் தாண்டினால் ஃபோன் சிக்னல் கிடையாது. பிரிந்து நடந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். "வராகர் பாறைகிட்ட" என்பது போல ஓர் இடத்தைச் சொன்னால் போதும்.

மூன்றாம் நாள்: ஜீப்

பாவனருக்கும் பார்கவருக்கும் கீழ் அஹோபிலத்திலிருந்து ஜீப். பாவனர் வழி காட்டுக்குள் போகும் கல் பாதை. தூரத்தைக் கேட்டால் பெரிதாகத் தெரியாது, ஆனால் போக மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஜீப் ஒரு பக்கம் சாயும், உங்கள் தலை மறுபக்கம் கூரையில் இடிக்கும். முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறவே வேண்டாம். மற்றவர்கள் பின்சக்கரத்துக்கு மேலே உட்காராமல் நடுவில் இடம் பிடியுங்கள். நான்கு பேராகப் போனால் ஆளுக்கு எவ்வளவு என்பதைவிட முழு வண்டிக்குப் பேசுவது மேல். இல்லாவிட்டால் பத்தாவது ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும். வனத்துறைக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

பாவனர் ஆதிசேஷன் குடைக்குக் கீழே தாயாரோடு அமர்ந்திருக்கிறார். இங்கே கூட்டம் நம் ஆட்கள் அல்ல. சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள், குடும்பம் குடும்பமாக டிராக்டரில் வந்து, மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். திவ்யதேச யாத்திரைச் சூழலை எதிர்பார்த்துப் போகும் சிலருக்கு இது ஒட்டாது. எனக்கு அது குலதெய்வக் கோயில் பொங்கல் மாதிரி இருந்தது.

பார்கவர், பரசுராமர் தவம் செய்த இடம். கீழ் அஹோபிலத்துக்குப் பக்கம்தான், ஆனால் வழி மோசம். அடியில் குளம், மேலே படிகள். பாவனர் போய்வந்த அதே ஜீப்பில் பேசி முடித்துவிடலாம்.

உக்ர ஸ்தம்பம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நரசிம்மர் பிளந்துகொண்டு வந்த தூண் இதுதான் என்று சொல்லப்படும், மலையுச்சியில் பிளந்து நிற்கும் செங்குத்துப் பாறை. ஜ்வாலாவைத் தாண்டி மேலே. கையையும் ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் உண்டு, வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் போகக் கூடாது, இதற்கென்றே ஒரு முழு நாள் வேண்டும். முதல் தடவையே வேண்டாம். ஜ்வாலா வழியில் அண்ணாந்து பார்த்தால் தெரியும், அங்கிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

திரும்பும்போது இன்னும் ஒரு நாள் இருந்தால் நந்தியால் பக்கம் மஹாநந்தி, பனகானபள்ளி பக்கம் யாகந்தி. யாகந்தியிலும் குகைகள் இருக்கின்றன, ஏறுவதும் சுலபம். நாள் இல்லையென்றால் நேரே ஆள்ளகட்டா, கடப்பா. ரயில் நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் அஹோபிலத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஆள்ளகட்டாவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கல்லில் உளி படும் சத்தம் கேட்கலாம். சிற்பிகளுக்குப் பேர்போன ஊர் இது. சாலையோரப் பட்டறைகளில் பிள்ளையாரும் அனுமாரும் வரிசையாக நிற்பார்கள். போன தடவை நான் பார்த்த ஒரு நரசிம்மருக்குப் பிடரியும் கைகளும் முடிந்திருந்தன, முகம் மட்டும் இன்னும் வெறும் கல். எப்போது முடியும் என்று கேட்டேன். வேலை செய்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல், "முகம் கடைசியில்தான்" என்றார், தெலுங்கில்.